எக்ஸ்ரே படத்தில் செய்த விளக்குக்கூடு

போர் நடந்த நாட்களில் கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்த பவளராணி எதையும் லேசில் எறியமாட்டாள். பால்மா வந்த தகரப் பேணியில் பூச்சாடி செய்வாள். கணவன் உடுத்துக் கிழிந்த சாரத்தில் கால்மிதி பின்னுவாள். அன்று அலுமாரிக்குப் பின்னால் கிடைத்த பழைய எக்ஸ்ரே படத்தை, யாருடையதென்று பாராமலே வளைத்துத் தைத்து, பல்புக்கு ஒரு கூடு செய்தாள்.

பின்னேரம் பல்பைப் போட்டதும் நெஞ்செலும்புகள் தெரிந்தன. நடுவே ஒரு கூரான இரும்புத்துண்டு. மூலையில் கணவன் குகதாசனின் பெயர்.

வேலையால் வந்த குகதாசன் விளக்கைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நெஞ்சில இருக்கிற தழும்பு மரத்தால விழுந்ததெண்டுதானே சொன்னீங்கள்?"

"ஊரில ஷெல் பட்டது. துண்டை எடுத்தால் ஆபத்தெண்டு டொக்டர் விட்டிட்டார். கலியாணம் பேசேக்க சொல்லப் பயந்தனான்."

"இன்னும் உள்ளுக்கோ கிடக்குது?"

"ஓம்."

"பொலிஸ் வீட்டைச் சோதிக்க வந்து இதைக் கண்டால், இயக்கத்தில இருந்து சண்டையில காயப்பட்டனீங்கள் எண்டெல்லோ கொண்டுபோவாங்கள். ஏன் வைச்சிருந்தனீங்கள்?"

"பெயர் கிடக்குது. குப்பையில போடவும் பயமாயிருந்தது."

பவளராணி கூட்டைப் பிரித்து, படத்தைத் துணி வெளுக்கிற பிளீச்சில் ஊறவைத்துத் தேய்த்தாள். எலும்பும் இரும்பும் பெயரும் கரைந்து, வெறும் பிளாஸ்டிக் தாள் மிஞ்சியது. அதன் பிறகும் தழும்பும் இரும்புத்துண்டும் குகதாசனோடுதான் இருந்தன. சேர்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவரின் நெஞ்சைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.