சேர்ந்த அன்றைய படிப்பு

சோப்புத் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் அவளை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். கை அத்தனை வேகம்.

அவளும் நாத்தனாரும் ஒரே வாரத்தில் அங்கே சேர்ந்தவர்கள். நாத்தனார் பட்டதாரி. மின்னல் பத்தாவதோடு நின்றவள். தம்பிக்கு ஃபீஸ் கட்ட வேண்டுமென்று அப்பா நிறுத்திவிட்டார். ஆரம்பத்தில் இருவர் சம்பளத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. பிறகு நாத்தனார் சூப்பர்வைசர் ஆனாள், மாடி ஆபீசுக்குப் போனாள், சொந்த வீடு வாங்கினாள். மின்னலுக்கு வருஷா வருஷம் ஏறிய கொஞ்சநஞ்சத்தை வீட்டுக்காரர் வாடகையில் ஏற்றிக்கொண்டார். பத்தாவது படித்தவர்களுக்கு அதற்கு மேல் உயர்வே கிடையாதாம்.

"சரி, படிச்சுத் தொலைக்கிறேன்" என்று முப்பத்தெட்டு வயதில் தபால் வழியில் சேர்ந்தாள், முதலில் பிளஸ் டூ, பிறகு பட்டப்படிப்பு. ஷிப்ட் முடிந்து வந்து அடுப்படியில் நின்றுகொண்டே படித்தாள். "புரபசரம்மா, பால் பொங்குது!" என்று கணவன் கிண்டலடிப்பான், பரீட்சை நாட்களில் சமையலை அவனே பார்த்துக்கொண்டான். நாற்பத்தைந்தில் பட்டம் கைக்கு வந்தது.

மேனேஜர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சேரும்போது என்ன படிச்சிருந்தீங்களோ, அதுதாம்மா கணக்கு."

"அப்போ நான் செத்து, மறுபடி பொறந்து வந்து சேரணுமா?"

அவர் போனை எடுத்துக்கொண்டார். அதே அறையில் நாத்தனார் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் மின்னல் நேரே அவள் வீட்டுக்குப் போனாள். "உன் வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்தாங்க?"

"ஆபீஸ் விதி அப்படி, அண்ணி. நான் என்ன பண்ண?"

"விதியாம் விதி! அன்னிக்கு எங்கப்பா ஒரு விதி வச்சாரு, இன்னிக்கு உங்க மேனேஜர் ஒண்ணு வைக்கிறாரு. ரெண்டு பேருக்கும் நான்தான் கிடைச்சேனா?"

நாத்தனார் அழுதாள். மின்னல் சமாதானம் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள், தன்னைப்போல வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களைத் தேடிப் பிடித்து மேனேஜர் அறை வாசலில் நிறுத்தினாள். ஷிப்ட் மணி அடித்தும் யாரும் நகரவில்லை. உள்ளேயிருந்து நாத்தனார் எழுந்து வந்து அவர்களோடு நின்றுகொண்டாள். "என் படிப்புக்குக் கொடுத்ததை இவங்க படிப்புக்கும் கொடுங்க சார்."

மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டுப் பட்டதாரிச் சம்பளம் கொடுத்தார்கள். எவ்வளவு? நேற்றுக் கல்லூரி முடித்துவிட்டு வந்த பெண்ணுக்குக் கொடுக்கும் ஆரம்பச் சம்பளம். இருபது வருஷத்துக்கு மேல் அவள் உழைத்த உழைப்பு எந்தக் கணக்கிலும் வரவில்லை.

"கிடைச்சதே பெரிசுன்னு நினைச்சுக்கோ" என்றான் கணவன்.

"நினைக்க மாட்டேன்."

விட்டுப்போன வருஷங்களுக்காகத் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அரைநாள் சம்பளத்தை வெட்டிக்கொண்டுதான் அனுப்புகிறார்கள். வெட்டட்டும் என்று போய்க்கொண்டிருக்கிறாள்.