பெயரை உச்சரிக்கும் முன்

ஆக்லாந்து நகரின் கிளென் ஈடன் பகுதியில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கும் ஸ்ரெல்லா, நாள் முழுக்க மனித முகங்களை மிக அருகில் பார்ப்பவர். வீட்டுக்கு வந்து சமையல் முடிந்ததும் சாப்பாட்டு மேசையிலேயே தாளை விரித்து, மனதில் நின்ற முகங்களைப் பேனா மையால் படமாகக் கீறுவார். மன்னாரில் பள்ளிக்கூடம் போன காலத்துப் பழக்கம். வீட்டாரைத் தவிர யாருக்கும் காட்டியதில்லை.

சென்ற ஆண்டு ஆக்லாந்தின் தமிழ் வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்கு வெள்ளிவிழா வந்தது. அதைத் தொடக்கத்திலிருந்து நடத்தும் புஷ்பவதியை அறியாத தமிழ்க் குடும்பம் இந்த நகரத்தில் அரிது. சனிக்கிழமை காலையில் பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, மரண அறிவித்தல் எல்லாம் அவர் குரலில்தான் வரும். ஸ்ரெல்லாவின் கணவர் சில்வெஸ்ரர், தன் மனைவி நன்றாகப் படம் கீறுவார் என்று விழாக்குழுவில் யாரிடமோ சொல்லிவிட்டார். மறுநாளே செயலாளர் செல்வராஜ் போன் செய்தார். கோயம்புத்தூர்க்காரர், ஐடியில் வேலை. மேடையில் வைக்கப் புஷ்பவதியின் படம் ஒன்று பெரிதாக வேண்டும் என்றார். ஸ்ரெல்லா சற்று யோசித்துவிட்டுச் சரி என்றார்.

குழு அனுப்பிய புகைப்படங்கள் எல்லாவற்றிலும் ஒரே சிரிப்பு. அதைப் பார்த்தே கீறினார். கண் சரி, மூக்கு சரி, பொட்டும் சரியான இடத்தில். மகள் றோஷினி எட்டிப் பார்த்து, பாஸ்போர்ட் போட்டோ போல இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனாள். ஸ்ரெல்லாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை.

ஒலிபரப்பு நடக்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று புஷ்பவதியிடம் கேட்டார். அந்த நேரத்தில் யாரையும் உள்ளே விடுவதில்லை என்றார் அவர். மறுபடி கேட்டபோது, படங்கள் அனுப்பியிருக்கிறார்களே என்று போனை வைத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை, நிகழ்ச்சி முடிந்து அவர் வெளியே வரும்வரை ஸ்ரெல்லா வானொலி நிலையத்தின் வாசலில் நின்றார். கீறிய படத்தை அவர் முன்னால் நீட்டினார்.

“இது நீங்கள்தானோ அக்கா? ஓம் எண்டு சொன்னால் இதையே குடுத்திடுறன்.”

புஷ்பவதி படத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

“அடுத்த கிழமை வாங்கோ. உள்ளுக்கை இருமக்கூடாது.”

அடுத்த கிழமை ஒலிபரப்பு அறையின் மூலையில் ஒரு கதிரையில் மடியில் தாளோடு உட்கார்ந்த ஸ்ரெல்லா, பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது நடந்ததைப் பார்த்தார். அடுத்து வாசிக்க மரண அறிவித்தல் ஒன்று இருந்தது. மைக் அணைந்திருந்தது. புஷ்பவதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணை மூடி, இறந்தவரின் பெயரைச் சத்தமில்லாமல் உதட்டால் சொல்லிப் பார்த்தார். பிறகு அவருடைய ஊர்ப் பெயர், பிள்ளைகளின் பெயர்கள். ஒன்று பிடிபடவில்லை போலும். புருவம் இறுக மறுபடி சொன்னார். ஒரு கை ஹெட்போனைக் காதோடு அழுத்தியிருந்தது. எங்கோ ஒரு வீட்டில் அந்தக் குடும்பம் கேட்டுக்கொண்டிருக்கும், பெயர் பிசகக்கூடாது என்ற கவனம் முகம் முழுக்க இருந்தது. ஸ்ரெல்லாவின் பேனா ஓடத் தொடங்கியது.

வீட்டில் அதைப் பெரிதாக்கினார். உதடு வரவில்லை. திறந்தால் பேசுவது போல, மூடினால் கோபம் போல வந்தது. தாள் தாளாகக் கிழித்தார். லீவு போட்டும் கீறினார். ஒருநாள் மாலை, கீழுதட்டின் கோட்டைப் பாதியிலேயே விட்டுவிட்டபோது முகம் உயிர்பெற்றது. அதற்குமேல் தொடவில்லை.

படத்தைப் பார்த்த செல்வராஜுக்குத் தர்மசங்கடம்.

“நல்லாத்தான் இருக்குங்க. ஆனா விழா மேடை பாருங்க. முகம் ரொம்ப இறுக்கமா இருக்கு. லேசா சிரிக்கிற மாதிரி மாத்திக் குடுத்துடுங்களேன்.”

“மாத்தேலாது அண்ணா. சிரிப்புத்தான் வேணுமெண்டால் மேடையிலை போட்டோவை வையுங்கோ. இதை வாசலிலை வையுங்கோ. அதுவும் ஏலாதெண்டால் நான் கொண்டு போறன்.”

குரலை அவர் உயர்த்தவில்லை. செல்வராஜ் படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, வாசலில் வைக்கலாம் என்றார்.

விழாவன்று பலர் பார்த்தும் பாராமலும் உள்ளே போனார்கள். மேடம் ஏன் இப்படி இருக்கிறார் என்று சிலர் கேட்டார்கள். ஆனாலும் ஸ்ரெல்லா படத்தின் பக்கத்தை விட்டு நகரவில்லை. அம்புஜம் என்ற பெண்மணி மட்டும் வெகுநேரம் அங்கேயே நின்றார். கணவரை இழந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று அவராகவே சொன்னார்.

“எங்க வீட்டுக்காரர் பேர் ரொம்ப நீளம். இங்க யாருக்கும் வாயில வராது. இவங்க ரேடியோவுல ஒரு எழுத்து பிசகாம வாசிச்சாங்க. அதுக்கு முன்னாடி இப்படித்தான் இருந்திருப்பாங்க போல.”

ஸ்ரெல்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியாகப் புஷ்பவதி வந்தார். கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்தார். நான் இவ்வளவு கிழவியோ என்று கேட்டார். பிறகு அதைத் தனக்குத் தரமுடியுமா என்றார்.

படம் இப்போது ஒலிபரப்பு அறையில், அவருடைய கதிரைக்குப் பின்னால் தொங்குகிறது. முன்னால் மாட்டினால் தன்னைப் பார்த்துக்கொண்டு வாசிக்க வராது என்று அவரேதான் அங்கே ஆணி அடித்தார்.