கவட்டுத் தையல்

ஹட்டன் டவுனில் ஒரு மாடித் தையல் கடையில் ஏழு வருஷம் வேலை செய்தேன். தோட்டத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்புத்தான் தைப்போம். ஒருநாள் தோட்டத்தை நடத்தும் துரைமார் றக்பி விளையாடும் கட்டைக் காற்சட்டைக்கு ஓடர் வந்தது.

இப்போது வருகிற இழுபடும் துணி வேண்டாமாம், பழையபடி தடித்த பருத்தி. ஊசி இறங்கும்போதே மிஷின் முனகும். பை வைக்கக் கூடாது. ஆட்டத்தில் ஓடுகிறவனைப் பிடிக்கிறவன் விரல் அதில் மாட்டினால் முறிந்துவிடும். இடுப்பில் இலாஸ்டிக்கோடு நாடாவும் வேண்டும். கவட்டில் பட்டம் மாதிரி ஒரு துண்டு வைத்தால்தான் காலை அகட்டி ஓடலாம். இதையெல்லாம் கடை மாஸ்டர் சொன்னார். தையல் எவ்வளவு நெருக்கம் என்று சொல்லவில்லை. கேட்க எனக்குக் கூச்சம்.

பக்கத்து மிஷினில் எங்கள் தோட்டத்து லயத்துப் பெண். தேயிலைக் கொழுந்து எடுக்கும் மலையில் விழுந்து முழங்கால் கெட்டுப்போனவள். நான்தான் கூட்டிவந்து சேர்த்தேன்.

"எப்பிடிக்கா அடிக்கிறது?"

"பிள்ளைங்களுக்கு அடிக்கிற மாதிரித்தான். உள்ள துணி விட்டுத் தையலப் பெரிசா அடி."

பிள்ளை வளர்ந்தால் பிரித்து விட வேண்டும், அதற்காக அப்படித்தான் தைப்போம்.

மத்தியானம் மாஸ்டர் அவள் தைத்ததில் ஒன்றை எடுத்தார். ஒரு காலை அவர் பிடித்துக்கொண்டு மறு காலை என்னிடம் நீட்டினார். "இழுங்க. கொழுந்து எடுத்த கைதானே."

மெதுவாக இழுத்திருக்கலாம். பலமாக இழுத்தேன். கவடு இடுப்புவரை பிரிந்தது.

"என்னா தையல் இது?"

"வளந்தா பிரிச்சு விடலாம்னு, சார்."

"துரைக்கு நாப்பது வயசு. இனி எங்க வளரப்போறாரு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அதை அவள் தலையில் கவிழ்த்தார். "போட்டுக்கிட்டு மலைக்கே போ. நாளைக்கு இங்க வராத."

அவள் என்னையே பார்த்தாள். நான் வாய் திறப்பேன் என்று நினைத்திருப்பாள். என் கூடையில் அதே தையலில் மூன்று கிடந்தன. அவள் ஒரு காலை இழுத்து இழுத்துப் படியிறங்கும் சத்தம் கேட்கும்போதே முதலாவதை எடுத்து, மேலே நெருக்கமாக அடிக்கத் தொடங்கினேன்.

அடுத்த மாதம் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மறுபடி கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறாளாம். முழங்கால் பூசணி மாதிரி வீங்கியிருந்தது.

"ஒங்களுது பிரியலயாக்கா?"

"நான் சின்னதாத்தான் அடிச்சேன், புள்ள. ஒனக்கும் அப்பிடித்தான் சொன்னேன்."

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"நாந்தான் சரியா கேக்கல போல."

"ஆமா," என்றேன்.