ஏணியில் வந்த மேனேஜர்

தொண்ணூறுகளில் மைசூரு லாட்ஜ் ஒன்றின் மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் மாட்டப் போனேன். அறைகளில் ஆள் இருந்ததால், தண்ணீர் நிற்காமல் வேலை நடக்க வேண்டும்.

“ஏய், படிக்கட்டு கஸ்டமருக்கு. உனக்கு வெளி ஏணி” என்றார் மேனேஜர்.

மூன்று நாள் பேனல் சுமந்து ஏறினேன். நான்காம் நாள் காலை, அவர் குளிக்கும் நேரம் பார்த்து, ஒரே நிமிடம் என்று தொட்டி வால்வை மூடினேன்.

கீழே அலறல். காதில் தேன்! திறக்கப் போனால் கைப்பிடி முறிந்து கையோடு வந்துவிட்டது. லாட்ஜ் முழுக்கத் தண்ணீர் இல்லை. பழிவாங்க வந்த வீரன், குழாயைக் கட்டிப்பிடித்தபடி ஸ்பானரைத் தேடினேன்.

படிக்கட்டு நிறையக் கஸ்டமர்கள். அதனால் துண்டும் நுரையுமாக வெளி ஏணியில் ஏறி வந்தார் மேனேஜர்.

“ஸ்வாமி, கண்ணு எரியுது, நீரு!”

என் குடிதண்ணீரை அவர் தலையில் ஊற்றிவிட்டு, ஸ்பானரால் வால்வைத் திறந்தேன்.

கஸ்டமர்களை நினைத்து இன்றும் வருந்துகிறேன். ஏணியை நினைத்து வருந்தப் பார்க்கிறேன், சிரிப்புதான் வருகிறது.