சிவப்புப் பென்சிலால் அடித்த வரிகள்

நேற்று கதிர்காமம் போகும் வழியில், ஒரு சந்திப்பில், வலப்பக்கம் திரும்பும் பச்சை அம்பு விளக்குக்காக நான் ஏறியிருந்த ஆட்டோ நின்றது. முன்னால் ஒரு பழைய கார்; ஓட்டியவருக்கு என் வயதிருக்கும். அம்பு எரிந்தது. அவர் அதைக் கண்டுகொண்டு, எதிர்ப்பக்கம் பார்த்து, கிளட்சை விடுவதற்குள் பின்னால் ஹாரன்கள் கத்தின.

“யோவ் பெருசு, வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா?” என்றார் ஆட்டோக்காரர்.

கருகிய கிளட்சின் வாடை, வேலையில் சேர்ந்த புதிதுக்கு என்னை இழுத்துப் போயிற்று. அப்போது இதே சந்திப்பில் விளக்கு கிடையாது. சிவப்புத் தொப்பிக் காவலர் ஒருவர் மேடையில் நிற்பார். அவர் கை காட்டியதிலிருந்து வண்டி திரும்பி முடிக்கும்வரை ஸ்டாப்வாட்சில் பார்த்து நோட்டில் குறிப்பது என் வேலை. வரப்போகும் விளக்கு எத்தனை வினாடி எரியவேண்டும் என்பதற்கு அதுதான் கணக்கு. வயதானவர் வந்தால் காவலர் எதிர்ப்பக்கத்தை நிறுத்திவைத்து, “வாங்க முசியே, மெதுவா வாங்க” என்று பிரெஞ்சு மரியாதையோடு அழைப்பார். என் மேலதிகாரியோ, “கெழங்கட்டைய எல்லாம் சேக்காதப்பா, ஆவரேஜ் கெட்டுடும்” என்பார். அந்த வரிகளைச் சிவப்புப் பென்சிலால், அடிகோல் வைத்து அழகாக அடிப்பேன். முதுமை எனக்கு அன்று ஓர் அளவீட்டுப் பிழை.

விளக்கு வந்தது. பல ஆண்டுகள் கழித்து, கார் ஓட்டிக்கொண்டிருந்த என் மனைவி அங்கே கேட்டாள்: “கியர் போடறதுக்குள்ள அணைஞ்சிடுதே, யாரு போட்ட கணக்குங்க இது?”

“நான்தான்.”

“அதானே பாத்தேன். சோறு திங்கறதுலகூட உங்களுக்கு அவசரம்.”

சிரித்தேன். சிரித்ததோடு சரி.

போன ஆண்டு அதே சந்திப்பில், அவள் கார் பாதி திரும்பியிருந்தபோது அம்பு அணைந்தது. எதிரே நின்ற பேருந்து புறப்பட்டது. அவள் திரும்பி வரவில்லை. விசாரணை அறிக்கை காரணத்தை ஒரே வரியில் முடித்துக்கொண்டது: ஓட்டியவரின் முதுமை.

அந்த வரியை நான் ஏற்கவில்லை. அம்பைப் பெரிதாக்குங்கள், வெயிலிலும் தெரியும்படி வையுங்கள், இன்னும் சில வினாடி எரியவிடுங்கள், அணைந்த பின் எல்லாப் பக்கமும் ஒரு கணம் சிவப்பாக இருக்கட்டும் என்று மனு எழுதிக்கொண்டு என் பழைய அலுவலகத்துக்குப் போனேன். இளம் பொறியாளர் எழுந்து நின்று, மரியாதையாகவே சொன்னார்: “வயசானவங்க கொஞ்சம் பேருதான் சார். அவங்களச் சேத்தா ஆவரேஜ் கெட்டுடும்.”

அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மனமில்லை. மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். அடுத்ததை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வயதானவர்களுக்கு எத்தனை வினாடி வேண்டும் என்று, அன்று நான் அடித்த வரிகளாவது சாட்சி சொல்லியிருக்கும். அந்த நோட்டுகள் என்றோ பழைய காகிதத்தோடு போய்விட்டன. காவலர் நின்ற மேடையையும் இடித்துவிட்டார்கள். அங்கேதான் இப்போது விளக்குக் கம்பம். நேற்றும் அம்பு அணைந்தது. அந்தப் பழைய கார் நடுச்சந்தியில் நின்றுபோயிற்று. எதிர்ப்பக்கத்தை நோக்கிக் கை உயர்த்த அங்கே யாருமில்லை.