என் பெயர் 'இந்தா'

போன வாரம் எங்கள் வீட்டு டெலிபோனில் ஒரு பெண் என் கணவரின் பெயரைச் சொன்னாள்.

பெயரைச் சொல்லி, பின்னால் ஒரு 'சார்' ஒட்டி, "இருக்காரா?" என்றாள். அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் ஒருநாள்கூட வாயில் எடுக்காத பெயர் அது. ரேஷன் கார்டு ஆபீஸில் கேட்டபோதுகூட, சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைத்தான் கை காட்டினேன். (இங்கேயும் எழுத மாட்டேன். எதிர்பார்க்காதீர்கள்.)

"அவிய குளிக்காவ. நீங்க யாரு?"

"நான் சாந்தா பேசுதேன்."

சாந்தா! பத்து வருஷம் கழித்தும் அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறதென்றால், சும்மாவா?

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். பெயர் கோதை. எங்கள் தெருவில் நின்று 'கோதை' என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு வீட்டிலிருந்து 'என்னம்மா' என்று பதில் வரும். அந்த நாலில் ஒருத்தியான நான், பஸ்ஸில் அரை மணி தள்ளி ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டதும் 'இந்தா' ஆகிவிட்டேன். 'இந்தா, காப்பி.' 'இந்தா, சட்டை எங்க?' நாலு பேர் நடுவில் பேச்சு வந்தால் அதுவும் கிடையாது... 'வீட்ல'. 'வீட்ல கேட்டுச் சொல்லுதேன்.' 'வீட்ல கோவிச்சுக்குவாக.' நான் என்ன மனுஷியா, கட்டடமா?

இத்தனைக்கும் அவருக்கு ஒரு மில்லில் டைம் ஆபீஸ் வேலை. ஷிப்டுக்கு வருகிற அத்தனை பேரையும் பெயர் சொல்லி ஆஜர் எடுப்பதுதான் பிழைப்பே. ஊரார் பெயரெல்லாம் வருகிற வாயில் என் பெயர் மட்டும் வராது.

அந்த ஆபீஸ் டைப்பிஸ்ட்தான் சாந்தா. எண்பதுகளின் நடுவில், மில் வேனில் எல்லாரும் குடும்பத்தோடு அய்யனார் கோவில் அருவிக்குப் போனோம். அன்றுதான் அவளை முதல்முதலாகப் பார்த்தேன். "இது எங்க ஆபீஸ் சாந்தா" என்றார் என்னிடம். "இது வீட்ல" என்றார் அவளிடம்.

அருவியில் இறங்கியதும் ஆரம்பித்தது. "சாந்தா, அந்தப் பாறை வழுக்கும், பாத்து!" "சாந்தா, புளியோதரை போதுமா?" அப்புறம் என் பக்கம் திரும்பி, "இந்தா, அந்தத் துண்ட எடு."

அவளுக்குப் பெயர், எனக்குத் துண்டு! பொறாமை என்றால் பொறாமைதான்... மறைப்பானேன்? அன்றைக்கு அந்த அருவித் தண்ணீர் முழுக்க என் தலையில் விழுந்தும் சூடு தணியவில்லை.

கிளம்புகிற நேரம். நான் ஈரச் சேலையை மாற்றப் பாறைக்குப் பின்னால் போயிருந்தேன். வேனில் எல்லாரும் ஏறியாச்சா என்று பார்க்கிற பொறுப்பு, வேறு யாருக்கு? டைம் ஆபீஸ்காரருக்குத்தான். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டிருக்கிறார். ஒவ்வொருவராக 'இருக்கேன்' என்றிருக்கிறார்கள். என் பெயர் வரும் இடத்தில், வேனில் மேனேஜரும் பெரியவர்களும் இருக்கிறார்களே என்று ஐயா அப்படியே தாண்டிவிட்டார்! பின் சீட்டில் பொம்பளைகளோடு இருப்பேன் என்று நினைப்பு.

வேன் போய்விட்டது.

நான் வெளியே வந்து பார்க்கிறேன்... அருவி இருக்கிறது, குளிக்கிற வெளியூர்க்காரர்கள் இருக்கிறார்கள், குரங்கு இருக்கிறது, வேனைக் காணோம். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பெயரே இல்லாதவளை விட்டுவிட்டுப் போனால் யாருக்குத் தெரியப் போகிறது?

செத்த நேரத்தில் வேன் திரும்பி வரும் சத்தம். "இந்தா! ஏ... இந்தா!" என்று அவர் குரல். குளித்துக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொருத்திக்கும் அதுதானே பெயர்!

நான் திரும்பவில்லை. மறுபடி பாறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இன்றைக்கு அந்த வாயால் என் பெயர் வராமல் நான் வரப்போவதில்லை. 'இந்தா' பத்துத் தடவை வந்தது. குரல் நடுங்க ஆரம்பித்தது. சொல்லிவிடுவார், இதோ சொல்லிவிடுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"கோதை அக்கா!"

சாந்தாவின் குரல்.

வேனில் "சார், அக்காவக் காணோமே" என்று முதலில் கத்தியவளும் அவள்தானாம். நான் வெளியே வந்தேன். நன்றி சொல்லவேண்டிய இடத்தில் முறைத்தேன். அவரைப் பார்த்து "ஏங்க!" என்று கத்தினேன். அங்கே நின்ற மூன்று ஆம்பளைகள் திரும்பினார்கள்.

வேனில் அவர் காதோரம் கேட்டேன். "பேரச் சொன்னா வாய் சுட்டுருமோ?"

"பெரியாளுக இருக்காக. சரி... நீ எம்பேரச் சொல்லு, பாப்போம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். யோசித்துப் பாருங்கள், முகம் தெரியாத கண்டக்டர்கூட நம் பெயரைக் கேட்டால் சொல்லிவிடலாம். ஒரே பாயில் படுக்கிறவர்களுக்குத்தான் பெயர் கிடையாது.

இனி, போன வாரத்து டெலிபோனுக்கு வருகிறேன். சாந்தா கல்யாணமாகி ஆலங்குளத்தில் இருக்கிறாளாம். வீடு கட்டிப் பால் காய்ச்சுகிறாளாம்.

"நீங்க கோதை அக்காதான? கொரல வச்சே கண்டுபிடிச்சிட்டேன்."

"என் பேரு இன்னுமா ஞாபகம் இருக்கு?" என்றேன். குரலில் கொஞ்சம் புளிப்பு இருந்திருக்கும்.

"மறக்குமாக்கா? சார் வாயத் தொறந்தா கோதைதான! கோதைக்குக் காய்ச்சல், கோதை வச்ச மீன் கொழம்பு, கோதை எழுதுனது பத்திரிகையில வந்திருக்கு... ஒங்களப் பாக்கதுக்கு முன்னாடியே எனக்கு ஒங்க பேரு மனப்பாடம். எம்புட்டு தடவ கேட்டிருப்பேன்!"

அன்றைக்கு அருவியில் 'வீட்ல' என்று மட்டுமே அறிமுகமான என்னை, அவள் எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று இத்தனை வருஷமாக எனக்கு உறைக்கவே இல்லை.

குளித்துவிட்டு வந்தவர் தலை துவட்டிக்கொண்டே கேட்டார். "இந்தா, யாரு போன்ல?"

என் பெயரை அவர் சொல்லித் தினம் தினம் கேட்டவள் அவள்... பொறாமை அன்றைக்குப் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை, இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது!