அத்தான் கேட்ட ஒடுக்கப் பை

அக்கா அதை ஒரு பழைய பிஸ்கற் பேணிக்குள் இருந்து எடுத்து என் கையில் தந்தாள். பாய்மரத் துணியில் தைத்த பேர்ஸ். தைத்தபோது சோற்றுக் கஞ்சியின் நிறத்தில் இருந்தது, இப்போது தேத்தண்ணிச் சாயம். விளிம்பு நூல் அறுந்திருந்தது. ஆனாலும் என் தையல் எனக்குத் தெரியாதா? மூலை திரும்பும் இடத்தில் எப்போதும் ஒரு குத்துக் கூடப் போடுவேன், அது அப்படியே இருந்தது. உள்ளே இரண்டு பைகள் எல்லாப் பேர்ஸிலும் இருப்பவை. மூன்றாவது, சுட்டுவிரல் நீளத்தில், ஒரு பக்கமாய் ஒதுங்கிக் கிடந்தது. அந்த ஒடுக்கப் பைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு காலம் எங்கள் வீட்டில் மூன்று பெண்கள் மண்டையைப் போட்டு உடைத்தோம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அப்பா காலமாகி, வல்வெட்டித்துறையில் கடலுக்குக் கிட்ட இருந்த வீட்டில் அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளையோடுதான் போகும். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும். அத்தானுக்கு ஒரு தங்கச்சி. அவளைக் கட்டிக் கொடுத்தபோது பிறந்த வீடு அவளுக்குப் போயிற்று. கொஞ்ச நாளில் அக்காவைக் கட்டிய அத்தான், ஒரு றங்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தான் பிறந்து வளர்ந்த வீட்டில் விருந்தாளியாகி, மனைவி வீட்டில் புது ஆளாகி நிற்பது ஒரு ஆண்பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று அப்போது நாங்கள் யோசித்துப் பார்த்ததில்லை. ஊரில் எல்லா ஆம்பிளைகளுக்கும் அதுதானே நடந்தது.

பெண்கள் மட்டும் இருந்து பழகிய வீடு என்பதால் அம்மா பகலிலும் முன்கதவைப் பூட்டித்தான் வைப்பா. அத்தான் கடலால் வந்து கதவடியில் நிற்பார். தட்ட மாட்டார், கூப்பிடவும் மாட்டார். இருமுவார். முதலில் ஒன்று, பிறகு கொஞ்சம் பலமாய் இன்னொன்று. அம்மா மருமகனோடு நேருக்கு நேர் கதைக்கிறதில்லை, அந்தக் கால மரியாதை அது. குசினிக்குள் அடுப்படியில் நின்றபடி, "பிள்ளை, அவர் வந்திட்டார், திற" என்பா. சில நாளில் அம்மாவுக்கு வேறு கவலை பிடித்துவிட்டது. "கடல் காத்து நெஞ்சுக்குள்ளை இறங்கிப்போச்சுது. ஒரு நாளாவது இருமாமல் வாறாரே மனிசன்?" அன்று தொடக்கம் அத்தான் கதவால் நுழைந்தவுடன் சுக்குப் போட்ட மல்லித்தண்ணி ஒரு மூக்குப்பேணி நிறையப் போகும். அவரும் ஒரு சொல்லுச் சொல்லாமல் குடித்து முடிப்பார்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அம்மாவின் கைமெசினை நானே கழற்றிப் பூட்டித் தையல் பழகியிருந்த நேரம். ஒரு நாள் அத்தான் ஒரு பாய்த்துணித் துண்டோடு வந்து நின்றார்.

"மச்சாள், ஒரு பேர்ஸ் தைச்சுத் தருவியோ? தோல் பேர்ஸ் எங்களுக்குச் சரிவராது. உப்புத்தண்ணி பட்டால் ரெண்டு கிழமையிலை கருவாடு."

என்னென்ன வைப்பார் என்று தெரிந்தால்தானே பை பிரிக்கலாம்? கேட்டேன். இரண்டு பையைச் சொன்னார். பிறகு சுட்டுவிரலைத் துணிமேல் நீட்டி வைத்து, "இந்த நீளத்திலை ஒண்டு. ஒடுக்கமாய். வாயை மூடிறமாதிரி" என்றார்.

"அதுக்குள்ளை என்ன வைக்கப் போறியள்?"

"நீ தையன். சாமான் தன்ரை பாட்டுக்கு வந்து இருக்கும்."

பாய்த்துணி லேசுப்பட்ட துணியல்ல. இரண்டு ஊசி முறிந்து, மூன்றாவதைச் சவர்க்காரத்தில் தேய்த்துத் தேய்த்துத்தான் ஓட்டினேன். ஊசி ஓடிய வேகத்தைவிட என் யோசனை வேகமாய் ஓடியது. விரல் நீளத்தில் என்ன இருக்கிறது உலகத்தில்? தூண்டிலா? எந்திரத் தகடா? சுருட்டென்றால் கசங்கிப்போகுமே.

அக்காவிடம் போய்ச் சொன்னேன், சிரிப்பாள் என்று நினைத்து. அவள் சிரிக்கவில்லை. கிணற்றடியில் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஆரும் ஒருத்தியின்ரை படமோடி?" என்றாள்.

"விசரே உனக்கு? படமெண்டால் சதுரமாயெல்லோ பை கேப்பார்! இந்தப் பைக்குள்ளை வைக்கிறதெண்டால் அவளுக்கு மூக்கு மட்டும்தான் இருக்கவேணும்."

அதற்குச் சிரித்தாள். சிரித்து முடியும்போது கண் கலங்கிவிட்டது. "எனக்கு ஒண்டும் விளங்கேல்லையடி. குடுத்ததைத் தின்னுறார், கேட்டதுக்குப் பதில் சொல்லுறார். கதிரையிலைகூட நுனியிலைதான் இருக்கிறார். விருந்தாளி மாதிரி. விருந்தாளி எண்டால் ஒரு நாளைக்கு எழும்பிப் போறவர்தானே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவுக்குப் பையைப் பற்றிய கவலை இல்லை. இந்த மனிசன் எங்கள் வீட்டில் தங்குவாரா என்பதுதான் அவளுக்கு இரவும் பகலும்.

ஒரு மாரி போயிற்று. பேர்ஸின் ஓரம் பிரிந்துவிட்டதென்று அத்தான் அதை வெறுமையாக்கித் தந்தார். தைக்கிறவளுக்குத் துணி எதையும் ஒளிக்காது. ஒடுக்கப் பையை உள்ளும் புறமும் திருப்பினேன். துணியில் இரும்புக் கறள் பிடித்திருந்தது. ஒரு முனையில் வளையம், நடுவில் நீளத் தண்டு, மறுமுனையில் இரண்டு பல். மையில் தோய்த்துக் குத்திய முத்திரை போலத் தெளிவாய் ஒரு பூட்டுத் திறப்பு.

எங்கள் வீட்டுத் திறப்பு இரண்டுதான். ஒன்று கதவடி ஆணியில் தொங்கும், அப்பாவுடையது அம்மாவின் சேலைத் தலைப்பில் முடிந்திருக்கும். அப்படியென்றால் இது எந்த வீடு? கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. பேர்ஸை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "அத்தான், இது எந்தக் கதவு?" என்றேன்.

அவர் கறளைப் பார்த்தார். பிடிபட்ட பிள்ளை போல ஒரு சிரிப்பு. "எங்கடை அம்மா வீட்டுக் கதவு. தங்கச்சியாக்கள் முன்பக்கம் இடிச்சுக் கட்டேக்கை கதவும் போச்சுது, பூட்டும் போச்சுது. திறப்பு மட்டும் என்னட்டை."

"பிறகேன் காவித் திரியிறியள்?"

"பழகிப்போச்சுது, மச்சாள். மடியிலை அந்தப் பாரம் இல்லாட்டி நடக்க ஒரு மாதிரிக் கிடக்கு."

குசினிக்குப் போய் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அதைச் சொன்னேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள். எரிந்துகொண்டிருந்த அடுப்பை. அம்மா சட்டியை இறக்கி வைத்தா. பிறகு, "இவ்வளவு நாளும் என்ரை மருமோனுக்கு மல்லித்தண்ணி குடுத்திருக்கிறன், திறப்புக் குடுக்கேல்லை" என்றா. சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தா. கையில் கொடுத்து ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால், அதுதான் நேரே கதைக்கிறதில்லையே. நான் தைத்து முடித்த பேர்ஸை வாங்கி, அப்பாவின் திறப்பை ஒடுக்கப் பைக்குள் தள்ளி, வாயை மூடி, "கொண்டுபோய்க் குடு" என்றா.

அத்தான் பேர்ஸை வாங்கிக் கையில் நிறுத்துப் பார்த்தார். திறந்து பார்க்கவில்லை. மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் இருமல் கேட்கவில்லை. பூட்டுத் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா அகப்பையும் கையுமாய்க் குசினியால் பாய்ந்து வந்து, "ஆரடா அது?" என்று கத்தினா. கதவடியில் அத்தான், கையில் திறப்பு.

"நான்தான் மாமி."

இருவரும் முகத்துக்கு முகம் பார்த்தபடி நின்றார்கள். அம்மாவுக்கு ஒளிய இடமில்லை. அகப்பையைத் தாழ்த்தினா. அத்தான்தான் முதலில் வாய் திறந்தார். "இண்டைக்கு மல்லித்தண்ணி இல்லையோ, மாமி?"

அன்றைக்கு அவர் கதிரையில் நன்றாய்ச் சாய்ந்து இருந்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்த் தனியே நின்று சிரித்தாள்.

அதெல்லாம் போய் எத்தனையோ காலம். அம்மா இல்லை. போன ஆவணியோடு அத்தானும் இல்லை. அந்த வீட்டின் முன்சுவர் சண்டைக்குள் போய், கதவும் நிலையும் இருந்த இடம் தெரியாது. பேணிக்குள் இருந்து எடுத்த பேர்ஸை நான் மெல்லத் தடவினேன். ஒடுக்கப் பை நான் தைத்ததைவிடப் புடைத்திருந்தது. ஒரு பக்கத் தையலைப் பிரித்து, அகலமாக்கி, வலை நூலால் மறுபடி மூட்டியிருந்தார்கள். வலை பொத்துகிற முடிச்சு. அது அத்தானின் கை. உள்ளே இரண்டு திறப்புகள் அருகருகே கிடந்தன, அவருடைய அம்மா வீட்டுடையதும் என்னுடைய அப்பாவுடையதும். புதியது வந்ததென்று பழையதை அவர் எறியவில்லை. பையைப் பெருப்பித்திருக்கிறார்.

"நூலெல்லாம் உக்கிப்போச்சுது" என்றாள் அக்கா. "புதுசாய் ஒண்டு தைச்சுத் தாவன். எனக்குத்தான், இடுப்பிலை செருக." பிறகு தன் சுட்டுவிரலைத் துணிமேல் நீட்டி வைத்தாள். "இந்த நீளத்திலை ஒரு பை. அவர் விட்டமாதிரி அகலமாய்."

நான் அளவெடுத்தேன். அதற்குள் என்ன வைக்கப் போகிறாய் என்று இந்த முறை கேட்கவில்லை.